மூணு வேளை தண்ணி விட்டும் மாடித்தோட்டம் வாடுதே, என்ன செய்ய?

கேள்வி: கரூர் மாவட்டம் க.பரமத்தி பக்கம் எங்கள் ஊர். மொட்டை மாடியில் கருப்புப் பைகளில் தக்காளி, மிளகாய், கத்தரி, கீரை வைத்திருக்கிறேன். பங்குனி முடிந்ததில் இருந்து மதியம் ஆனால் எல்லாச் செடியும் தலை தொங்கிவிடுகிறது. மூன்று வேளை போர் தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டேன். தக்காளிப் பூ அப்படியே கொட்டுகிறது, மிளகாய் இலை சுருள்கிறது. மாடிக்குக் கீழே உள்ள அறையில் இரவுகூடப் படுக்க முடியவில்லை. வயதான மாமியார் அங்கேதான் இருக்கிறார். தகரக் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழி உண்டு, முட்டை ஓடு தொட்டாலே நொறுங்குகிறது. என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, முதலில் தண்ணீரைக் குறையுங்கள். மூன்று வேளை வேண்டாம்.

மதியம் செடி துவள்வதை எல்லாம் தாகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இலை வழியாகப் போகும் நீரின் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாதபோது, மண் ஈரமாக இருந்தாலும் இலை தொங்கும். விடியற்காலை ஆறு மணிக்கு மாடி ஏறிப் பாருங்கள். செடி நிமிர்ந்து நின்றால் அதற்குத் தண்ணீர்க் குறை இல்லை. காலையிலும் தொங்கியே இருந்தால் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. சொதசொதவென்று இருந்து புளித்த வாடை வந்தால் வேர் அழுகுகிறது. கோடையில் மாடித்தோட்டச் செடிகள் காய்ந்து சாவதைவிட, பயந்துபோய் ஊற்றும் தண்ணீரில் வெந்து சாவதை நான் அதிகம் பார்க்கிறேன். உச்சி வெயிலில் தொட்டியிலும் ஓஸ் பைப்பிலும் கிடக்கும் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதை அப்படியே வேரில் விட்டால் என்ன ஆகும்?

காலை ஏழு மணிக்குள் ஒரு தடவை, பையின் அடித்துளையில் கசியும் வரை நிறுத்தி நிதானமாக விடுங்கள். கீரைக்கும் சின்னப் பைகளுக்கும் மட்டும் பொழுது சாய்ந்து, தரைச் சூடு தணிந்த பிறகு இன்னொரு தடவை. உங்கள் பகுதி போர் தண்ணீரில் உப்பு அதிகம் இருக்க வாய்ப்பு உண்டு. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் நீர் ஆவியாகிப் போய் உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். பை ஓரத்தில் வெள்ளைப் பூப்பு தெரிந்தால் அதுதான். பதினைந்து நாளுக்கு ஒரு முறை நிறையத் தண்ணீர் விட்டு அந்த உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள்.

அடுத்தது பை. கருப்புப் பை, அதுவும் நேராகக் கான்கிரீட் மேல்! மேலே வெயில், பக்கத்தில் வெயில், கீழே தளத்தின் சூடு என்று வேருக்கு மூன்று பக்கமும் அடுப்பு. பைகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடியில் காற்று ஓடட்டும். தனித்தனியாக நிற்பதை ஒன்றோடு ஒன்று நெருக்கி வைத்தால் உள்வரிசைப் பைகளின் பக்கவாட்டில் வெயில் படாது. மேற்கு ஓரத்து வரிசைக்குச் சாக்கு சுற்றுங்கள், இல்லாவிட்டால் வெளிப்புறம் சுண்ணாம்பு பூசுங்கள். மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலக் கனத்துக்கு மூடாக்கு கட்டாயம் வேண்டும். கரும்புச் சோகை, வைக்கோல், காய்ந்த இலை, தென்னை நார்க்கழிவு, எது கிடைக்கிறதோ அது போதும். தண்டை ஒட்டி மட்டும் போடாதீர்கள்.

நிழல்வலை கட்டுங்கள். கீரைக்கு வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத வலை சரி; காய்ச் செடிகளுக்கு 35 சதவீதம் போதும். பலர் செய்யும் தவறு, தலை இடிக்கும் உயரத்தில் கட்டி நாலு பக்கமும் மூடிவிடுவது. வலைக்கு அடியில் வெப்பம் தேங்கி வெளியே இருப்பதைவிட மோசமாகிவிடும். ஏழு அடி உயரமாவது இருக்கட்டும். பக்கங்கள் திறந்திருக்கட்டும், மேற்கில் மட்டும் பாதி இறக்கிக் கொள்ளலாம். சித்திரையில் திடீரென்று சுழற்றி அடிக்கும் காற்று மழைக்கு வலை கிழியும். கம்பியில் இறுக்கி முடி போடாமல், சட்டென்று அவிழ்க்கும்படி கொக்கியில் மாட்டுங்கள்.

தக்காளி விஷயத்தில் உங்களுக்கு ஆறுதல் சொல்லப் போவதில்லை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 25க்குக் கீழ் இறங்காவிட்டால் மகரந்தம் வீரியம் இழந்து பூ பிஞ்சாகாமல் உதிரும். கத்திரி வெயில் முடியும்வரை உங்கள் ஊரில் இரவு குளிரப் போவதில்லை. மூன்று மாதம் தாண்டிய செடியைப் பிடுங்கி உரக்குழியில் போடுங்கள். இளஞ்செடியை வலைக்கு அடியில் உயிரோடு காப்பாற்றி வையுங்கள், வெயில் தணிந்ததும் காய்க்கும். காலியான பைகளில் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, கொடிப்பசலை போடுங்கள். சூட்டுக்கு அஞ்சாத பயிர்கள் இவை. பூ கொட்டுகிறதே என்று யாராவது யூரியா போடச் சொன்னால் கேட்க வேண்டாம். இந்த வெயிலில் அது வேரைக் கருக்கும். அரப்பு மோர்க் கரைசல் தெளிக்கச் சொல்வார்கள். நல்ல சமயத்தில் நல்ல கரைசல்தான், ஆனால் இரவுச் சூட்டை அதனால் இறக்க முடியாது.

மிளகாய்க்கு வழி உண்டு. பூ உதிர்வுக்கு என்.ஏ.ஏ. என்ற வளர்ச்சி ஊக்கி (கடையில் பிளானோபிக்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள்) நாலரை லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி, மாலையில் தெளியுங்கள். அளவு கூடினால் பூ இன்னும் கொட்டும், கண்ணளவு வேண்டாம். இலைச் சுருளுக்கு மருந்து அடிக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். எதுவானாலும் முதலில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். பிறகு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து, மாலை ஐந்தரைக்கு மேல் தெளியுங்கள். வெயிலில் எண்ணெய் பட்ட இலை பொரிந்துவிடும். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் நல்ல மருந்து என்றாலும் இந்தச் சூட்டில் அதைத் தொடாதீர்கள், இலை கருகும். வறட்சியைத் தாங்க பி.பி.எப்.எம். என்ற நுண்ணுயிர்க் கரைசல் உண்டு, லிட்டருக்கு 10 மில்லி. புழுதேரி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

அறைக்கு வருவோம். பகல் முழுக்கக் கான்கிரீட் குடிக்கும் வெயிலை இரவில்தான் கீழே இறக்குகிறது. அதனால்தான் ஒன்பது, பத்து மணிக்கு அறை கொதிக்கிறது. தளத்தைச் சுத்தமாகக் கூட்டிக் கழுவி, பை இல்லாத இடம் எல்லாம் பசை கலந்த சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடியுங்கள். செலவு குறைவு, பலன் அன்று இரவே தெரியும். பைகளைச் செங்கல் மேல் தூக்கச் சொன்னதில் இந்த லாபமும் உண்டு: தளத்தில் ஈரம் தேங்கி ஒழுகாது. மேற்கு சன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டி கட்டுவது மேல். ஏர்கூலர் இருந்தால் எதிர்ச் சன்னலைத் திறந்து வையுங்கள், மூடிய அறையில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும். மாமியாரை இந்த மாதம் மட்டுமாவது காற்றோட்டமான வேறு இடத்தில் படுக்கவைக்க முடியுமா பாருங்கள். உடம்பு நெருப்பாகச் சுட்டு, பேச்சு குழறினால் ஈரத்துணியால் உடம்பெல்லாம் துடைத்துக்கொண்டே 108க்குச் சொல்லுங்கள், காத்திருக்க வேண்டாம்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அப்படி இளைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போய்விடுவதால், முட்டை ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறைகிறது. தீவனமும் குறைவாகவே எடுக்கும். ஓடு மெலிவது இதனால். தகரத்தின் மேல் தென்னங்கீற்று பரப்பி அடிக்கடி நனையுங்கள். தண்ணீரை மண்சட்டியில் நிழலில் வைத்து மதியம் இரண்டு முறை மாற்றுங்கள். கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் எலெக்ட்ரோலைட் தூளை உறையில் சொன்ன அளவில் கலந்து கொடுங்கள், வீட்டு உப்பை நீங்களாக அள்ளிப் போட வேண்டாம். தீவனம் விடியற்காலையிலும் மாலையிலும் மட்டும்; காலை பத்தில் இருந்து நாலு வரை வேண்டாம், தின்றதைச் செரிப்பதும் உடம்புக்குச் சூடுதான். உடைத்த கிளிஞ்சலை மாலையில் வையுங்கள், ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது.

இளைப்போடு வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்தாலும், கழுத்து முறுக்கிக்கொண்டாலும் அது வெயில் பாதிப்பு அல்ல, வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோயாக இருக்கலாம். அந்தக் கோழியைத் தனியே பிரித்துவிட்டு அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.