கொழுந்து வெளுத்தால் யூரியா உதவாது

கேள்வி: காம்பவுண்டுச் சுவர் ஓரமாக இட்லிப்பூச் செடிகளை வரிசையாக வைத்திருக்கிறோம். கொழுந்து இலைகள் மஞ்சளாக வருகின்றன, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. முன்வாசல் கொரியன் புல்லும் வெளுத்திருந்தது. இரண்டுக்கும் யூரியா போட்டேன். புல் தேறிவிட்டது, செடி அப்படியே நிற்கிறது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். இன்னும் கொஞ்சம் யூரியா போடலாமா ஐயா?
- வாசகி, திருப்பாலை, மதுரை

பதில்: வேண்டாம் அம்மா. புல்லுக்குக் குறைந்தது தழைச்சத்து. அது யூரியாவில் கிடைத்துவிட்டது. இட்லிப்பூவுக்குக் குறைந்தது இரும்புச்சத்து.

எந்த இலை முதலில் வெளுக்கிறது என்று பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. தழைச்சத்தும் மக்னீசியமும் குறைந்தால், செடி முற்றிய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். அதனால் அடியிலைதான் முதலில் பழுக்கும். சாம்பல்சத்து குறைந்தாலும் அடியிலைதான், ஆனால் ஓரம் கருகும். இரும்பு அப்படி எளிதில் இடம் மாறாது. அது குறைந்தால் கொழுந்துதான் வெளுக்கும்.

உங்கள் மண்ணில் இரும்பு இல்லாமல் இருக்காது. சுண்ணாம்பு மிகுந்தால் வேரால் அதை எடுக்க முடியாது, அவ்வளவுதான். வீடு கட்டும்போது கொத்தனார் சிந்திய கலவையும் பூச்சும் சுவர் ஓரத்து மண்ணில்தான் புதைந்து கிடக்கும். போதாததற்கு, வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற உப்புத்தண்ணீர் வேறு. வேரடி மண்ணில் ஒரு பிடி எடுத்து வினிகர் விடுங்கள். பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

உரக்கடையில் அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு) கேளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், கூடவே 1 கிராம் சிட்ரிக் அமிலம். மழைத்தண்ணீரோ கேன் தண்ணீரோதான் வேண்டும். போர் தண்ணீரில் கரைத்தால் சீக்கிரமே துரு நிறமாகிவிடும், அப்புறம் பயனில்லை. வெயில் தாழ்ந்த பிறகு இலை நனையத் தெளியுங்கள். 10 நாள் விட்டு இன்னொரு முறை. டைல்ஸில் பட்டால் உடனே கழுவிவிடுங்கள், அந்தக் கறை லேசில் போகாது.

ஆனால் தெளிப்பு தற்காலிகம்தான். சுவர் ஓரத்துக் காரைக்கட்டிகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மட்கிய தொழுவுரம் நிறையப் போடுங்கள். தண்ணீர் தேங்கவிடாதீர்கள், வேர் மூச்சு முட்டினாலும் கொழுந்து இதே மாதிரிதான் வெளுக்கும். நல்லதென்று நினைத்து அடுப்புச் சாம்பலையும் முட்டை ஓட்டையும் இந்தச் செடிக்குப் போடுகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. இரண்டும் மண்ணில் சுண்ணாம்பைத்தான் கூட்டும். உங்கள் வீட்டிலும் இருந்தால் தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள்.