ஐயரிடம் எத்தனை தடவை மன்னிப்புக் கேட்பது?

கேள்வி: எனக்கு 26 வயது. நெல்லைப் பக்கம், சிஎஸ்ஐ சபை. ஒரு வருடமாகக் கோயிலுக்குள் நுழைந்தாலே ஆண்டவரைப் பற்றி அசிங்கமான வார்த்தைகள் மனதில் ஓடுகின்றன. நற்கருணை எடுக்கும்போது ரொம்ப மோசம். உடனே பரமண்டல ஜெபம் சொல்லி அழிக்கப் பார்ப்பேன். நடுவில் கெட்ட வார்த்தை வந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. சில ராத்திரி முப்பது தடவைகூட ஆகிவிடும். ஆவியானவருக்கு விரோதமான தூஷணத்துக்கு மன்னிப்பில்லை என்கிறதே வேதம்? எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், அவரும் சலிக்காமல் ஜெபிக்கிறார். சித்தி பிசாசைத் துரத்தும் விடுதலை ஜெபத்துக்குக் கூப்பிடுகிறார்கள். மனநல டாக்டரிடம் போனால் விசுவாசம் இல்லாதவள் என்றாகிவிடுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது ‘முதலிலிருந்து’ என்ற வார்த்தைதான். கன்னாபின்னா எண்ணங்கள் எல்லார் மனதிலும் வரும். பிரசங்க நேரத்தில் எழுந்து கத்தினால் என்ன ஆகும் என்று எனக்கே தோன்றியிருக்கிறது. வந்த வழியே போய்விடும். உங்களுக்குப் போகாமல் நின்று பயமுறுத்துகிறது. பயத்தைத் தணிக்க ஒரு ஜெபம். அது சுத்தமாக வரவில்லை என்று இன்னொன்று. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் இந்தச் சுற்று, ஓசிடி என்னும் எண்ணச் சுழற்சி நோயை அச்சு அசலாக ஒத்திருக்கிறது.

ஓசிடி என்றால் கை கழுவிக்கொண்டே இருப்பது என்றுதான் பலருக்கும் தெரியும். நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வாழ்நாளில் வரக்கூடிய நோய் இது. ஒருவர் எதை உயிராக நினைக்கிறாரோ, பெரும்பாலும் அதையே போய்ப் பிடிக்கும். பிள்ளை பெற்றவளுக்கு, கத்தியைப் பார்த்தால் குழந்தையைக் குத்திவிடுவேனோ என்று பயம் வரும். தொழப் போகிறவருக்கு, தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஒளுவைச் சரியாகச் செய்தோமா என்று சந்தேகம் தீராது. உங்களுக்கு நற்கருணை.

அந்த வசனத்துக்கு வருவோம். மத்தேயு 12-ஐ முழுதாகப் படித்துப் பாருங்கள். நோயாளி குணமானதைக் கண்ணால் பார்த்துவிட்டு, இது பேய்களின் தலைவனான பெயெல்செபூலின் வேலை என்று தெரிந்தே பழி போட்டவர்களிடம் சொன்னது அது. தன் மனதில் வரும் வார்த்தைக்கு ராத்திரி முழுக்க நடுங்குகிறவளைப் பார்த்துச் சொன்னதல்ல. இந்த விளக்கத்தை ஒரு தடவைதான் எழுதுவேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஐயர் ‘உனக்கு மன்னிப்பு உண்டும்மா’ என்று சொன்னதும் மனசு லேசாகும், இல்லையா? எவ்வளவு நேரம்? வீட்டுக்கு வந்து சேர்வதற்குள், ‘நான் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லவில்லையோ’ என்று அடுத்தது ஆரம்பித்துவிடும். அவருடைய ஆறுதல் அந்த முப்பது பரமண்டல ஜெபத்தோடு முப்பத்தொன்றாகச் சேர்ந்துவிடுகிறது. அவர்மேல் தப்பில்லை, அன்பினால் செய்கிறார். ஆனால் அந்த அன்பே நோய்க்குத் தீனியாகிறது.

சபைக்கு இது புதிதல்ல. மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்த நாட்களில் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து பாவசங்கீர்த்தனம் கேட்பவரையே களைக்க வைத்தவர். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இருந்தபோது, அறிக்கையிட்ட பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டார். நிம்மதி கிடைக்கும்வரை சாப்பிட மாட்டேன் என்று ஒரு வாரம் பட்டினி கிடந்தார். சாகலாமா என்றுகூடத் தோன்றியது. குருவானவர் கட்டளையிட்ட பிறகுதான் சாப்பிட்டார். கடைசியில், பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்த பிறகே மீண்டார். ஐந்நூறு வருடம் கழித்து நாங்கள் சிகிச்சையில் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான்: எண்ணம் வரட்டும், அதை அழிக்கும் சடங்கை மட்டும் செய்யாதிருப்பது. கொஞ்சம் கொஞ்சமாக, பயிற்சி பெற்றவரின் துணையோடு. பயம் ஏறும், உச்சிக்குப் போகும், நீங்கள் ஒன்றும் செய்யாமலே இறங்கும். அதை உடம்பே கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆகவே இந்தப் பதிலை ஐயரிடம் காட்டுங்கள். அடுத்த முறை நீங்கள் அதே கேள்வியோடு போனால், ‘இதுக்குப் போன வாரமே பதில் சொல்லிட்டேன்மா, நாம பேசி வச்ச மாதிரி இப்ப மறுபடியும் சொல்ல மாட்டேன். வா, அம்மா காப்பி போட்டிருக்காங்க’ என்று அவர் சொல்லட்டும். முன்கூட்டியே இருவரும் பேசி வைத்துக்கொண்டால் அது கடுமையாகத் தெரியாது. ஜெபத்தையோ நற்கருணையையோ விட்டுவிடாதீர்கள். ஒதுங்க ஒதுங்க பயம் பெரிதாகும். ஜெபம் ஒரே தடவை, வார்த்தை தடுக்கினாலும் ஆமென்.

விடுதலை ஜெபக் கூட்டம் இப்போது வேண்டாம் என்பேன். ‘உனக்குள் ஒன்று இருக்கிறது’ என்று நாலு பேர் சத்தம் போட்டால், ஏற்கெனவே பயந்திருக்கும் மனதுக்கு அது சாட்சியாகிவிடும். சித்திக்கு உதவ ஆசை இருந்தால் டாக்டரிடம் கூட வரட்டும்.

டாக்டரிடம் போவது அவிசுவாசமா என்றால், சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர். மிஷனரி ஐடா ஸ்கடர் ஆரம்பித்த வேலூர் சிஎம்சி, பாகாயத்தில் மனநலத்துக்கென்றே தனி மையம் நடத்துகிறது. உங்களுக்குப் பக்கத்திலேயே, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு. மாத்திரை எழுதினால் பயப்பட வேண்டாம். ஓசிடிக்கு முதலில் கொடுக்கும் மாத்திரைகள் தூக்க மாத்திரை வகை அல்ல, அடிமையாக்காது. ஆனால் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். நாலு வாரத்தில் ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. குணமானாலும் தானாக நிறுத்தாதீர்கள். உபவாச நாளிலும் சாப்பாடு, மாத்திரை இரண்டும் உண்டு.

செத்துப்போகலாம் என்று தோன்றினாலோ, அந்த வார்த்தைகள் வெளியிலிருந்து காதில் குரலாகக் கேட்டாலோ காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரமும் அழைக்கலாம், இலவசம், தமிழில் பேசலாம்.

முதல் நாள் டாக்டரிடம் அந்த வார்த்தைகளை வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டிவிடுங்கள். இதைவிட மோசமானதையெல்லாம் அவர் அன்று காலையிலேயே கேட்டிருப்பார்.