காய்ச்சல், அடைத்த தொண்டை, பேசாத கூட்டாளி: தாதி பதில் சொல்கிறேன்

கொழும்பில் ஒரு கல்லூரியின் சுகாதார அறையில் 22 வருசம் தாதியாக இருந்தேன். இந்தக் கிழமை வந்த கேள்விகளுக்குப் பதில் இவை.

கேள்வி (மாணவி, வெள்ளவத்தை): மிஸ், போடிங்கில் இருக்கிறேன். ரெண்டு நாளாகக் காய்ச்சல், உடம்பு உளைவு. புரூஃபன் போடலாமா?

வேண்டாம் பிள்ளை. கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குவைத்தான் நினைக்க வேணும். புரூஃபன், அஸ்பிரின், டைக்ளோஃபெனாக் எல்லாம் இரத்தக்கசிவைக் கூட்டும். பனடோல் (பரசிட்டமோல்) மட்டும் போடுங்கோ; ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இரண்டு, அதுக்கு மேல் வேண்டாம். மூன்றாம் நாளைத் தாண்ட விடாமல் டொக்டரிடம் காட்டி இரத்தம் சோதியுங்கோ. வெறும் தண்ணீர் போதாது. ஜீவனி (பக்கெட்டில் வரும் உப்புச் சர்க்கரைக் கரைசல்), இளநீர், கஞ்சி குடியுங்கோ. சிவப்புப் பானம் ஒன்றும் வேண்டாம், சத்தி எடுத்தால் இரத்தமா பானமா என்று பிரித்தறிய ஏலாது.

காய்ச்சல் விட்டதும் "சுகம் வந்திட்டு" என்று வகுப்புக்கு ஓடுகிற பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்குப் பயம். பலருக்கு ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். ஒரு பிள்ளை காய்ச்சல் விட்டு என் அறைக் கட்டிலில் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்தால் விரலெல்லாம் ஐஸ். உடனே ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம், தப்பினாள். கடும் வயிற்றுக்குத்து, விடாத சத்தி, கைகால் குளிர்தல், ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாமை, இதில் ஒன்று இருந்தாலும் 1990க்கு எடுங்கோ. சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

கேள்வி (விரிவுரையாளர்): பாட்ச் பெரிசு, மைக் இல்லை. தொண்டை அடைத்தே கிடக்கிறது.

சேர், குசுகுசுத்துப் பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று நினைக்காதீர்கள், அதுவும் சிரமம்தான். மேசையில் தண்ணீர் வையுங்கள், மைக் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள். மூன்று கிழமைக்கு மேல் குரல் சரிவராவிட்டால் காது மூக்குத் தொண்டை நிபுணரைப் பார்க்க வேணும்.

கேள்வி (மாணவன்): என்ர ரூம் கூட்டாளி சோதனை பிழைச்சதில இருந்து கதைக்கிறதில்லை. "நான் இருந்தென்ன" என்றான். கேட்டால் இன்னும் கூடுமோ?

கேட்பதால் கூடிவிடாது தம்பி, தாராளமாகக் கேட்கலாம். "சாகவேணும் போல இருக்கா?" என்று நேராகவே கேளுங்கோ. கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது; பலருக்கு நெஞ்சுப் பாரம்தான் குறையும். அவன் பதில் சொல்லும்போது புத்தி சொல்லாதீங்கோ, "அம்மா அப்பாவை நினை" என்றும் சொல்லாதீங்கோ. பக்கத்தில் இருந்து கேளுங்கோ. ஓம் என்றால் தனிய விடக்கூடாது, அறையில் மாத்திரை, மருந்து இருந்தால் எடுத்து மறையுங்கோ. ஒருவருக்கும் சொல்லாதே என்று கேட்டாலும் அந்தச் சத்தியத்தை மட்டும் கொடுக்காதீங்கோ. 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், தமிழிலும் கதைக்கலாம். இன்றைக்கே, தம்பி. நாளைக்கு என்று வைக்காதீங்கோ.

கேள்வி (முதலாம் வருட மாணவி): பகிடிவதைக்குப் பயந்து கன்டீனுக்கே போவதில்லை.

பட்டினி கிடக்க வேண்டாம் மகள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம். நாள், நேரம், இடம் எழுதி வைத்து, நம்பிக்கையான ஒரு விரிவுரையாளரிடம் கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு போங்கோ.

கேள்வி (விரிவுரையாளர்): பிள்ளைகளின் கவலையைக் கேட்டுக் கேட்டு எனக்கே நித்திரை இல்லை.

மிஸ், உங்களிடம் அழுகிறவர்களை நீங்களே சுகப்படுத்த வேணும் என்றில்லை. கேட்டு, சரியான ஆளிடம் கையோடு கூட்டிப்போய் விட்டால் போதும். பின்னேரம் மரைன் டிரைவில் அரை மணித்தியாலம் நடவுங்கள், போனை வீட்டில் விட்டுவிட்டு. இரண்டு கிழமையாகியும் நித்திரை வராவிட்டால் நீங்களும் டொக்டரைப் பாருங்கள். 1926 உங்களுக்கும்தான்.