பார்த்தேன் என்றால் போதாதா?

கேள்வி: பிளஸ் டூ வரை தமிழ் மீடியம் படித்தவள். பெருங்குடியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் ஒரு கிளையன்ட் 'கேன் யூ லுக் இன்டு இட்?' என்று மெயில் அனுப்பியிருந்தார். ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு 'யெஸ் சார், ஐ சா இட்' என்று பதில் போட்டேன். மாலைக்குள் டீம் லீடிடம் புகார் போய்விட்டது. 'லுக் இன்டு' மாதிரி 200 சொற்கள் உள்ள பட்டியலை வைத்து மனப்பாடம் செய்கிறேன், மறுநாளே மறந்துபோகிறது. என்ன வழி அக்கா?
- வாசகி, பெருங்குடி

பதில்: முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். இப்போது நான் எழுதியதையே பாருங்கள், 'மூடி வை' என்பதில் அந்த 'வை' எதையும் எங்கேயும் வைக்கவில்லை, மூடியது மூடியபடியே இருக்கட்டும் என்ற அர்த்தத்தைத்தான் கொண்டு வருகிறது. 'கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள்' என்றால் யாரும் எதையும் தள்ளவில்லை, போடவும் இல்லை. ஊருக்குக் கிளம்பும் அம்மா 'தம்பியைப் பார்த்துக்கோ' என்று சொன்னால், அவனை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு நம் வேலைக்குப் போய்விடுவோமா? சோறு போட்டோமா, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோமா என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. இரண்டு சொல் சேர்ந்து மூன்றாவதாக ஓர் அர்த்தம் தருவது நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். நாம் ஒரு வினையோடு இன்னொரு வினையைச் சேர்க்கிறோம், ஆங்கிலத்தில் 'அப்', 'ஆஃப்', 'இன்டு' மாதிரி ஒரு குட்டிச் சொல்லைச் சேர்க்கிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் தனியாக 'லுக்' என்றால் பார் என்று பிரித்துப் படிக்காதீர்கள். 'லுக் ஆஃப்டர்' பார்த்துக்கொள், 'லுக் ஃபார்' தேடு, 'லுக் இன்டு' துருவிப் பார் என்று முழுசாக நம் சொல்லோடு ஜோடி சேருங்கள். உங்கள் கிளையன்ட் கேட்டது, கோளாறு எங்கே, ஏன் வந்தது என்று விசாரித்துச் சொல்லுங்கள் என்பது. அதற்கு 'ஐ ஆம் லுக்கிங் இன்டு இட், ஐ வில் கெட் பேக் டு யூ பை ஃபோர்' என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும், நாலு மணிக்குள் திரும்பப் பேசுவீர்கள் என்று அவர் நிம்மதியாக இருந்திருப்பார்.

இனி எங்கிருந்து படிப்பது? உங்கள் இன்பாக்ஸிலிருந்தே. ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம், யார் யாருக்கு எதற்காக எழுதினார் என்பதோடு ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் அதையே உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று எழுதுங்கள். மீட்டிங் சம்பந்தப்பட்டதை முதலில் பிடியுங்கள், அதில்தான் சறுக்கல் அதிகம். 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது, 'கால் ஆஃப்' என்றால் அடியோடு ரத்து, இரண்டையும் மாற்றிச் சொன்னால் பத்துப் பேர் காலண்டர் குழம்பிவிடும். முன்கூட்டியே வைப்பதற்கு நாம் தாராளமாகச் சொல்கிற 'ப்ரீபோன்' இந்திய ஆங்கிலம், இங்கே தப்பே இல்லை, ஆனால் லண்டன் ஆபீசுக்கு எழுதும்போது 'பிரிங் ஃபார்வர்ட்' என்று எழுதுவது நல்லது.

அப்புறம் ஒரு விஷயம், இதைக் காதால்தான் பழக வேண்டும். 'புட் ஆஃப் த மீட்டிங்' சரி, 'புட் த மீட்டிங் ஆஃப்' என்பதும் சரி. ஆனால் மீட்டிங் என்பதற்குப் பதில் 'இட்' வந்தால் அது நடுவில்தான் உட்காரும், 'புட் இட் ஆஃப்'. 'லுக் இன்டு' அப்படிப் பிரியாது, எப்போதும் 'லுக் இன்டு இட்' தான்.

கேள்வி: 'ஐ பாஸ்டு அவுட் இன் 2021' என்று ரெஸ்யூமில் எழுதியிருக்கிறேன். அமெரிக்கக் கம்பெனிக்கு அனுப்பலாமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: மாற்றிவிட்டு அனுப்புங்கள். அமெரிக்காவில் இருப்பவருக்கு 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுவது. 'ஐ கிராஜுவேட்டட் இன் 2021' என்று எழுதிவிட்டால் எந்த நாட்டிலும் சிக்கல் வராது. நம் ஊரில் 'பாஸ் அவுட்' வெறும் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது, பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ராணுவப் பயிற்சி முடித்து வெளிவருவதற்கு இதுதான் சொல். உங்களுக்குப் பக்கத்திலேயே, பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடிந்ததும் நடக்கும் அணிவகுப்புக்கு 'பாஸிங் அவுட் பரேட்' என்றுதான் பெயர்.

கேள்வி: அம்பத்தூர் ஃபேக்டரியில் நான் வேலை பார்த்த காலத்தில் 'லே ஆஃப்' விட்டால் பத்து நாளில் திரும்பக் கூப்பிடுவார்கள். ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை பார்க்கும் என் மகனும் 'லே ஆஃப்' என்கிறான், ஆனால் திரும்பப் போக முடியாதாம். ஒரே சொல்தானே?
- ஓய்வு பெற்ற தொழிலாளி, அம்பத்தூர்

பதில்: சொல் ஒன்றுதான் ஐயா, பொருள் இரண்டு. நீங்கள் சொல்வது, 2025 வரை நடப்பில் இருந்த 1947 தொழில் தகராறுகள் சட்டத்தில் வந்த 'லே ஆஃப்'. கரன்ட் இல்லை, மூலப்பொருள் வரவில்லை, மெஷின் பழுது, சரக்கு தேங்கிவிட்டது என்று நிர்வாகத்தால் வேலை கொடுக்க முடியாத நாட்கள் அவை. தொழிலாளியின் பெயர் மஸ்டர் ரோலிலேயே, அதாவது வருகைப் பதிவேட்டிலேயே இருக்கும், தகுதியுள்ளவருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து அதில் பாதி இழப்பீடாகக் கிடைக்கும். நிரந்தரமாக அனுப்புவதற்கு அதே சட்டத்தில் 'ரிட்ரெஞ்ச்மென்ட்', அதாவது ஆள்குறைப்பு என்று வேறு சொல் இருந்தது. ஐ.டி. கம்பெனிகளின் பேச்சில் 'லே ஆஃப்' என்பது அந்த ஆள்குறைப்பைத்தான் குறிக்கிறது.

உங்கள் மகனிடம் இதையும் சொல்லுங்கள். 'ஃபயர்டு' என்றால் பெரும்பாலும் ஆளிடம் குறை கண்டு அனுப்பியது, 'லெய்ட் ஆஃப்' என்றால் கம்பெனி தன் நிலைமைக்காக ஆளைக் குறைத்தது. அடுத்த இன்டர்வியூவில் ஏன் வெளியே வந்தீர்கள் என்று கேட்டால் 'ஐ வாஸ் லெய்ட் ஆஃப்' என்று தலை நிமிர்ந்து சொல்லலாம், அதில் வெட்கப்பட எதுவுமே இல்லை. அதை மழுப்பப் போய்த் தடுமாறிய நல்ல பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனசுக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்கும்.

கேள்வி: 'கோப் அப் வித்' சரியா?
- வாசகி, வில்லிவாக்கம்

பதில்: இல்லை, சமாளிப்பதற்கு 'கோப் வித்' தான். 'கேட்ச் அப் வித்', 'புட் அப் வித்' இரண்டிலும் 'அப்' இருப்பதால் நாக்கு இதிலும் சேர்த்துக்கொள்கிறது. 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின்னால் வரும் 'அபௌட்'டையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.