பாம்புக்கடியும் பிள்ளைகளும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் 3 வயது மகனுக்குப் புடையன் கடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் முதலில் காக்க வைத்தார்கள். பிறகு பெரியவர்களுக்குப் போலவே 10 குப்பி விஷமுறி மருந்து ஏற்றினார்கள். அவன் நிறை 12 கிலோதான். அளவு கூடிவிடவில்லையா? (ஒரு தாய், சாவகச்சேரி)

பதில்: கூடவில்லை. பனடோல் போல நிறை பார்த்துக் கொடுக்கும் மருந்தல்ல இது. பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைத்து விடாது. அதை முறிக்கும் மருந்தையும் குறைக்க ஏலாது. சின்ன உடம்பில் கிலோவுக்கு விழும் விஷம் கூட என்பதால்தான் பிள்ளைகள் கெதியில் மோசமாகிறார்கள். நிறைக்கேற்பக் குறைப்பது மருந்தைக் கலக்கும் சேலைனைத்தான்: கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிலீட்டர். ஏறி முடிய ஒரு மணித்தியாலமளவில் பிடிக்கும்.

காக்க வைத்தது பெரும்பாலும் இரத்தம் உறைகிறதா என்று பார்க்க. கொஞ்ச இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சரிப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் ஏறிவிட்டது. (குழாயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியிருந்தால் நல்ல இரத்தமும் உறையாது, அது புதிதாக இருக்க வேண்டும்.) விஷம் ஏறாத கடியும் உண்டு. மருந்து குதிரை இரத்தத்திலிருந்து எடுப்பது, ஒவ்வாமை வரலாம். அதனால் விஷம் ஏறிய அடையாளம் தெரியாமல் ஏற்றுவதில்லை. ஏற்றும்போது தடிப்பு, மூச்சிழுப்பு வந்தால் நிறுத்தி, தொடைத் தசையில் அட்ரினலின் போடுவார்கள்.

கேள்வி: பாயில் படுத்த பிள்ளை சாமத்தில் வயிற்றுவலி என்று எழும்பினால் பாம்பைச் சந்தேகிக்க வேண்டுமா? (வடமராட்சி வாசகர்)

பதில்: கட்டாயம். எட்டடி விரியன் இரவில்தான் திரியும். கடித்த இடம் வீங்காது, நோகாது, பல் அடையாளமும் தெரியாமல் போகலாம். வயிற்றுவலி, சத்திக்குப் பிறகு இமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசை ஓயும். தலையை அசைக்காமல் மேலே பார்க்கச் சொல்லுங்கள். இமை உயராவிட்டால் உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள். ஓமத்தண்ணி, தேத்தண்ணி எதுவும் பருக்க வேண்டாம், புரையேறும். இந்தக் கடியில் இரத்தம் வழமைபோல உறையும்; அதை நம்பி வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள். நரம்பு நுனி பழுதான பின் விஷமுறியால் அதைத் திருப்ப முடியாது, ஆனால் சுவாசக் கருவியில் சில நாள் வைத்திருந்தால் பிள்ளை முழுதாகத் தேறும். நுளம்பு வலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுக்க வைப்பது நல்ல காவல்.

கேள்வி: கயிற்றால் கட்டலாமா?

பதில்: வேண்டாம். கட்டினால் கால் அழுகலாம், அவிழ்த்ததும் விஷம் ஒரேயடியாக ஏறும். காப்பு, கொலுசைக் கழற்றி, காலை ஒரு மட்டையோடு சேர்த்து அசையாமல் வைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள். நடக்க விடாதீர்கள்.