807 ஹோம் ரன் அடித்த ஃப்ராங்க் தாமஸ் யார்? பேஸ்பால் கேள்வி பதில்

கேள்வி: மேஜர் லீக் (வட அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்) ஹோம் ரன்களை (கிரிக்கெட் சிக்ஸர் போன்ற அடி) எக்ஸெல்லில் பெயர்வாரியாகக் கூட்டினேன். ஃப்ராங்க் தாமஸுக்கு 807 வருகிறது. பேரி பாண்ட்ஸின் 762தானே சாதனை?

பதில்: 762தான் சாதனை. உங்கள் எக்ஸெல் இரண்டு பேரை ஒருவராக்கிவிட்டது. மூத்த தாமஸ் 1951 முதல் 1966 வரை ஆடி 286 அடித்தவர். 1962இல் புதிதாக வந்த நியூயார்க் மெட்ஸ் 120 ஆட்டங்களில் தோற்றது. அந்த அணியில் இருந்துகொண்டே இவர் 34 அடித்தார். இளையவர்தான் சிகாகோ ஒயிட் சாக்ஸின் 'பிக் ஹர்ட்'. 1990இல் வந்தார், 521 ஹோம் ரன், பேட்டிங் சராசரி .301, 1993லும் 1994லும் எம்விபி (லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது), 2014இல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம். இருவரும் உறவினர்கள் இல்லை. இளையவரின் நிழலில் மூத்தவரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். 286 ஒன்றும் சின்ன எண் இல்லை.

கேள்வி: அப்போ கென் கிரிஃபிக்கு 782 வருவதும் இதே கதைதானா சார்?

பதில்: அதேதான், ஆனால் இவர்கள் அப்பாவும் மகனும். அப்பா 152, மகன் 630. 1990 செப்டம்பர் 14 அன்று சியாட்டில் மரைனர்ஸ் அணியில் அடுத்தடுத்து இறங்கி, முதல் இன்னிங்ஸிலேயே ஆளுக்கொரு ஹோம் ரன் அடித்தார்கள்.

கேள்வி: பிறகு எதை நம்பிக் கூட்டுவது?

பதில்: ஐடியை. பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் குடும்பப் பெயரின் முதல் 5 எழுத்து, முன்பெயரின் முதல் 2 எழுத்து, அப்புறம் ஓர் எண் என்று ஒவ்வொருவருக்கும் தனி ஐடி உண்டு. கிரிஃபி அப்பா 01, மகன் 02. தாமஸ்கள் 03, 04. அதற்காக நான்கு ஃப்ராங்க் தாமஸ்கள் ஆடினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முன்பெயரும் அதே 2 எழுத்தில் தொடங்கும் வேறு தாமஸ்கள் முதல் இரண்டு எண்களை எடுத்துக்கொண்டார்கள்.

கேள்வி: பிறந்த நாளை வைத்துப் பிரிக்க முடியாதா?

பதில்: வருடத்தையும் சேர்த்துப் பார்த்தால் முடியும். இரண்டு மேக்ஸ் மன்சிகளும் பிறந்தது ஆகஸ்ட் 25. ஒருவர் 1990, இன்னொருவர் 2002. போதாக்குறைக்கு இருவரையும் டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) எடுத்தது ஓக்லாந்து அணி.

கேள்வி: ஒரே பெயர்க்காரர்கள் நேருக்கு நேர் மோதியதுண்டா?

பதில்: உண்டு. 2020 அக்டோபர் 16, நேஷனல் லீக் சாம்பியன்ஷிப் தொடரின் ஐந்தாவது ஆட்டம், ஆறாவது இன்னிங்ஸ். டாட்ஜர்ஸ் 1-2 என்று பின்தங்கியிருந்தது. பந்து வீசியது அட்லாண்டா பிரேவ்ஸின் இடதுகை பிட்சர் வில் ஸ்மித். பேட்டோடு நின்றது டாட்ஜர்ஸ் கேட்சர் (விக்கெட் கீப்பர் மாதிரி) வில் ஸ்மித். மூன்று ரன் ஹோம் ரன்! ஸ்கோர் 4-2 ஆனது. ஒரு ஸ்மித்தின் பக்கத்தில் அது அடித்த கணக்கு, இன்னொரு ஸ்மித்தின் பக்கத்தில் கொடுத்த கணக்கு. பிளேஆஃபில் (சீசன் முடிவில் நடக்கும் நாக்அவுட் தொடர்கள்) பிட்சரும் பேட்டருமாக ஒரே பெயர்க்காரர்கள் மோதியது அதுவே முதல் முறை.

எனக்கு இதைவிடப் பிடித்த கூத்து ஒன்று உண்டு. 2020 முதல் 2025 வரை ஆறு வருடமும் வேர்ல்ட் சீரிஸ் (சாம்பியனை முடிவுசெய்யும் இறுதித் தொடர்) வென்ற அணியில் ஒரு வில் ஸ்மித் இருந்தார். 2021இல் பிரேவ்ஸ், 2022இல் ஆஸ்ட்ரோஸ், 2023இல் ரேஞ்சர்ஸ் என்று நடுவில் உள்ள மூன்றும் பிட்சருடையவை. மீதி மூன்றும் டாட்ஜர்ஸ் கேட்சருடையவை.

கேள்வி: அதில் யாராவது நடிகரா?

பதில்: இல்லை.

கேள்வி: 2003இல் அலெக்ஸ் கொன்சாலஸ் பந்தைக் கோட்டைவிட்டுத் தோற்கவைத்தார் என்கிறார்கள், ஜெயிக்கவைத்தார் என்றும் சொல்கிறார்கள். எது உண்மை?

பதில்: இரண்டும். அந்த வருடம் கப்ஸும் மார்லின்ஸும் மோதிய தொடரில் இரு அணியின் ஷார்ட்ஸ்டாப்பும் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்) அலெக்ஸ் கொன்சாலஸ். ஆறாவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் பந்தைத் தவறவிட்டவர் கப்ஸ்காரர். மார்லின்ஸ்காரர், அடுத்து யாங்கீஸுடன் ஆடிய வேர்ல்ட் சீரிஸின் நான்காவது ஆட்டத்தை 12ஆவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து முடித்துவைத்தார்.

கேள்வி: ஒரே அணி, ஒரே வேலை, ஒரே பெயர் என்றால்?

பதில்: 2000ஆம் ஆண்டு மெட்ஸில் இரண்டு பாபி ஜோன்ஸ்கள், இருவரும் பிட்சர்கள். நம் ஊர் வழக்கம்போல இனிஷியல்தான் கைகொடுக்கும்: பாபி ஜே வலதுகை, பாபி எம் இடதுகை. அந்த வருட டிவிஷன் சீரிஸில் (பிளேஆஃபின் ஒரு சுற்று) சான் ஃப்ரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு ஒரே ஒரு ஹிட் மட்டும் கொடுத்து ஆட்டத்தை முடித்தவர் பாபி ஜே.