லீக்ஸ் வாங்கினால் பாதி குப்பைக்கா?

கேள்வி: அக்கா, வணக்கம். மாமியாருக்குப் பிரஷர். உப்பு, எண்ணெய் இரண்டையும் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். கீரையும் முட்டைக்கோஸும் மாறி மாறி வைத்து அலுத்துப்போய், சூப்பர்மார்க்கெட்டில் வெங்காயத்தாள் மாதிரியே, ஆனால் தடித்த தண்டோடு இருக்கும் லீக்ஸ், 400 கிராம் தட்டு ஒன்று 30 ரேண்டுக்கு வாங்கினேன். வதக்கினேன். நார் நாராக இருந்தது, வாயில் மண் நறநறத்தது. பாதி வெறும் பச்சை இலை, அதையும் எறிந்துவிட்டேன். தப்பு வாங்கினதிலா, சமைத்ததிலா?
– ஃபீனிக்ஸ் வாசகி, டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: இரண்டிலும் கொஞ்சம் இருக்கிறது, தங்கச்சி. நம் வீடுகளில் லீக்ஸ் என்றால் குளிர்காலத்தில் சூப் பேக்குக்குள் காரட், டர்னிப், செலரியோடு வருகிற ஒற்றைத் தண்டுதான். அதைத் தனியாகக் கறிகாயாக வாங்கிப் பழக்கமில்லை. அதனால் எதைப் பார்த்து வாங்குவது என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

பார்க்க வேண்டியது வெள்ளைத் தண்டின் நீளம். தட்டில் அடைத்து மேலே லேபிள் ஒட்டியிருந்தால் அதுதான் மறைந்துபோகும். தட்டைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். தண்ணீர் கோத்திருந்தாலோ பழுப்பாக வழவழத்தாலோ வேண்டாம். வார்விக் ஜங்ஷன் அதிகாலைச் சந்தையிலோ, சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டிலோ உறை போடாத லீக்ஸ் கண்ணில் பட்டால் அதையே எடுங்கள், கையால் தொட்டுப் பார்க்கலாம். இரண்டு விரல் பருமன் போதும். தண்டை லேசாக அழுத்தும்போது நடுவில் குச்சி மாதிரி கட்டியாகத் தட்டுப்பட்டால் அது பூக்கத் தொடங்கிவிட்ட லீக்ஸ். செப்டம்பர், அக்டோபரில் இப்படி வரும். அந்தக் குச்சி எவ்வளவு வேகவைத்தாலும் மெத்தென்று ஆகாது. உங்களுக்கு நாராக இருந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். வாங்கிவிட்டீர்கள் என்றால் நெடுக்காகப் பிளந்து குச்சியை மட்டும் உருவிப் போட்டுவிடுங்கள், மற்றது நன்றாகவே இருக்கும்.

உங்கள் கடிதம் வந்ததும் நானும் ஒரு 400 கிராம் தட்டு வாங்கிச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். வேரும் வாடின மேல் இலையும் 40 கிராம். வெள்ளையும் இளம்பச்சையும் சேர்ந்து 210. மீதி 150 கரும்பச்சை. 30 ரேண்ட் கொடுத்து 210 கிராம் மட்டும் சாப்பிட்டால் கிலோவுக்கு 140 ரேண்டுக்கு மேல் விழுகிறது. பச்சையையும் சேர்த்தால் 83 ரேண்ட். அதனால்தான் சொல்கிறேன், அந்த இலையை எறியாதீர்கள். மெல்லிசாக அரிந்து பருப்பில் போடலாம், சூப்புக்குக் கொதிக்க வைக்கலாம். தண்டைவிடச் சற்று நேரம் கூடுதலாக வேக வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது மண். தண்டு வெளுப்பாக இருக்க வேண்டும் என்று செடியைச் சுற்றி மண் அணைத்துக்கொண்டே போவார்கள். இலை வளர வளர அந்த மண் மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். முழுத் தண்டைக் குழாயடியில் காட்டினால் அது வெளியே வராது. நெடுக்கே இரண்டாகப் பிளந்து, ஐந்து நிமிடம் பெரிய பாத்திரத் தண்ணீரில் போட்டு, மடிப்புகளை விரலால் விரித்து அலசுங்கள். அப்புறம் லீக்ஸைக் கையால் தூக்கி எடுக்க வேண்டும். பாத்திரத்தோடு சாய்த்து வடித்தால் அடியில் தங்கின மண் திரும்ப அதன் மேலேயே கொட்டும்.

இப்போது சமையல். இதை வதக்க வேண்டாம், மூடி போட்டுக் கொஞ்சம் தண்ணீரில் வேகவிடுங்கள். நாலு பேருக்கு நடுத்தரமான லீக்ஸ் நாலு. பிளந்ததை விரல் நீளத் துண்டுகளாக நறுக்குங்கள். அகலமான சட்டியில் ஒரு மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெய் காய்ந்ததும் வெட்டின பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி, நாலு நிமிடம் கிளறாமல் விடுங்கள். அடிப்பக்கம் பொன்னிறமாகி இனிப்பு வாசனை வரும். கிளறிக்கொண்டே இருந்தால் அந்த நிறமும் வராது, இலையும் குலைந்துபோகும். அரை கோப்பை வெந்நீர், கால் தேக்கரண்டி உப்பு சேர்த்து, மூடி, சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம். கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் பதம். மூடியைத் திறந்து, தண்ணீர் சுண்டித் தண்டுமேல் பளபளவென்று படியும்வரை வைத்து, மிளகுத்தூளும் எலுமிச்சைச் சாறும் விட்டு இறக்குங்கள். ஆசைக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, ஒரு வரமிளகாய் தாளித்துக் கொட்டலாம். மசாலாத்தூள் மட்டும் போடவே போடாதீர்கள், லீக்ஸின் இனிப்பு அடங்கிவிடும். சாதம், பருப்போடு நன்றாகச் சேரும்.

வெந்நீருக்குப் பதில் ஸ்டாக் கியூப் (சூப்புக்குச் சுவை சேர்க்கக் கரைக்கிற கட்டி) கரைத்து ஊற்றும் ஆசை வரும். மாமியாருக்காக அதை விட்டுவிடுங்கள். கியூபுக்கு உப்பு வரம்பு 2016இலும் 2019இலும் நம் நாட்டுச் சட்டத்தில் வந்தது, ஆனாலும் அதில் உப்பு நிறையவே இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம், அதாவது எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி. இன்னொன்று: மாமியார் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்றால், லீக்ஸில் வைட்டமின் கே உண்டு, திடீரென்று அதிகம் கொடுக்கும் முன் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சமையல் குறிப்புகளில் வெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் போடச் சொல்கிறார்கள். கட்டாயமா?
– சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: இல்லை. பணத்தைப் பார்த்தாலும் வேண்டாம். இங்கே புதிய காய்கறிக்கு வாட் வரி கிடையாது, சமையலுக்கான தாவர எண்ணெய்க்கும் கிடையாது. ஆலிவ் எண்ணெயை மட்டும் அந்தச் சலுகையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கும் வெண்ணெய்க்கும் 15 சதவீதம் கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஷெல்ஃபில் ஒரு விலை, கல்லாவில் கூட ஒரு விலை. வீட்டில் பிரித்தால் உள்ளே இரண்டு தண்டு அழுகல். கேட்டால் காய்கறி திரும்ப வாங்க மாட்டோம் என்கிறார்கள்.
– டோங்காட் வாசகி

பதில்: 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2011இல் நடைமுறைக்கு வந்தது. காட்டின விலைக்கு மேல் கேட்கக் கூடாது, இரண்டு விலை போட்டிருந்தால் குறைந்ததுதான் வாங்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பொருள் நல்ல தரத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு, காய்கறி என்பதால் அந்த உரிமை போய்விடாது. ஆனால் தாமதிக்காதீர்கள். பிரித்த அன்றே படம் எடுத்து, ரசீதோடு தட்டை அப்படியே கொண்டுபோய், கல்லாவில் வாதாடாமல் மேனேஜரைக் கேளுங்கள். மறுத்தால் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கிற நுகர்வோர் பொருள் சேவை ஓம்பட்ஸ்மனிடம் எழுதலாம்.

கேள்வி: புரட்டாசி விரதத்தில் லீக்ஸ் சேர்க்கலாமா?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

பதில்: கறி, மீன் மட்டும் விடுகிற வீடு என்றால் தாராளமாக. வெங்காயம், பூண்டையும் விடுகிறவர்கள் என்றால் இதுவும் அதே குடும்பம், மாதம் முடியட்டும்.